சுண்டுவிரல் அளவு

சிஸ்டர், அலமாரியைச் சுத்தம் செய்யும்போது பழைய பிஸ்கட் டப்பா ஒன்று கைக்கு வந்தது. திறந்ததும் ரப்பர் வாடை. உள்ளே, மயக்கத்தில் இருப்பவர் மூச்சுவிடத் தொண்டை வழியாகச் செருகும் ஐந்தாம் எண் சிவப்புக் குழாய், வெயிலில் காய்ந்த முருங்கைக்காய் போல விறைத்துக் கிடந்தது. மருமகள் குப்பையில் போடட்டுமா என்று கேட்டாள். தொடாதே என்று கத்திவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் நம் ஆஸ்பத்திரியில் நான் மயக்க மருந்து டாக்டர். நீங்கள் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர். உங்கள் ஊர் தாமலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, குழாய்களைக் கழுவி வேகவைத்து, அளவு வாரியாகத் தட்டில் அடுக்கி வைப்பீர்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் எனக்குப் பட்டம் இருந்தது. அந்தத் திமிரும் இருந்தது.

டான்சில் ஆபரேஷனுக்கு ஒரு நெசவாளர் தன் மகளைக் கூட்டி வந்தார். பள்ளிக்கூடச் சீட்டைப் பார்த்து எட்டு வயது என்று எழுதிக்கொண்டேன். எட்டு வயதுக்கு ஆறாம் எண் குழாய் என்பது என் கணக்கு. குழந்தை மயங்கியதும் கையை நீட்டினேன். நீங்கள் குழாயைத் தரவில்லை. அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துக் குழாயின் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சுண்டுவிரல் பருமன்தான் குழாயின் பருமன் என்பது உங்கள் கணக்கு.

"டாக்டர், இது எட்டு வயசுப் பொண்ணு வெரலு இல்ல. அஞ்சு எடுத்து வச்சிருக்கேன், பாருங்க."

"சீட்டுல எட்டுன்னு இருக்கு. ஆறு கொடுங்க."

கொடுத்தீர்கள். செலுத்தினேன். குரல்வளையில் தட்டி நின்றது. கொஞ்சம் அழுத்தினால் போய்விடும் என்று தோன்றியது. அப்போதுதான் உங்கள் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. சர்ஜன் நாலடி தள்ளி முதுகைக் காட்டிக் கை கழுவிக்கொண்டிருக்கிறார், ஒரு நர்ஸ் டாக்டரின் கையைப் பிடிக்கிறாள்!

"தள்ளாதீங்க டாக்டர். அப்புறம் வீங்கிக்கினு மூச்சு அடைச்சிடும். மெட்ராசுக்குக் கொண்டு போறதுக்குள்ள புள்ள போயிடும்."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "கையை எடுங்க" என்று சீறினேன். நீங்கள் கையை எடுக்கவில்லை. இன்னொரு கையால் ஐந்தை நீட்டினீர்கள். வேறு வழியில்லாமல் ஆறை உருவிவிட்டு, முகமூடியால் இரண்டு மூச்சு கொடுத்து, அதை வாங்கிச் செலுத்தினேன். தடங்கல் இல்லாமல் இறங்கியது. கட்டிப்போட்ட நாய் மாதிரி நான் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆபரேஷன் முடிந்தது. குழாயை எடுத்ததும் குழந்தை நன்றாக மூச்சுவிட்டு, ஓவென்று அழுதாள். வெளியே வந்து அப்பாவைப் பிடித்துக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"பெரியவளையும் இவளையும் ஒரே நாள்ல இஸ்கோல்ல சேத்துட்டேன் டாக்டரு. ஒருத்திக்கு ஒருத்தி தொணை, ரெண்டு பேருக்கும் ஒரே புஸ்தகம் போதும். வாத்தியாரு தலைக்கு மேல கையப் போட்டு அந்தப் பக்கத்துக் காதத் தொடச் சொன்னாரு. பெரியவ தொட்டுட்டா. இவ தலையச் சாச்சிக்கினு தொட்டுட்டா. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு எழுதிட்டாங்க. இவளுக்கு இன்னும் ஆறு முடியலைங்க."

நீங்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது சர்ஜன் வந்து என் முதுகில் தட்டினார்: "நல்ல வேளை, குழாயை மாத்தினீங்க. உங்க கணிப்பே கணிப்பு." நான் "தேங்க்ஸ் சார்" என்றேன். நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். குழாய்களைக் கழுவப் போய்விட்டீர்கள். அந்த ஐந்தாம் எண்ணை நான் வீட்டுக்கு எடுத்து வந்ததும் உங்களுக்குத் தெரியும். தட்டில் ஒன்று குறைந்தது உங்கள் கண்ணில் படாமல் இருந்திருக்குமா?

அதன்பிறகு நான் எந்தப் பிள்ளைக்கும் சீட்டை மட்டும் நம்பிக் குழாய் எடுத்ததில்லை. வயதைக் கேட்பேன், பிறகு விரலைப் பிடிப்பேன், ஒரு அளவு சின்னதையும் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். தட்டினால் தள்ளமாட்டேன். மாணவர்களுக்கும் இதையே சொன்னேன், கதையோடு சேர்த்து. ஆனால் என் கதையில் விரலைப் பார்த்தவன் நான். தள்ளப் போனவர் பெயரில்லாத ஒரு டாக்டர். நர்ஸே கிடையாது. வருஷக்கணக்கில் இப்படியே சொன்னேன், சிஸ்டர். எவ்வளவு கேவலம்!

என் பணி ஓய்வு விழாவிலும் சொன்னேன். கடைசி வரிசையில் நீங்கள் உட்கார்ந்திருந்ததைப் பாதிக் கதையில்தான் பார்த்தேன். நிறுத்தவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள், நீங்களும் தட்டினீர்கள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "கதை நல்லா இருந்துச்சு டாக்டர். ஆனா உங்க கையப் புடிச்சது யாருன்னு சொல்லவே இல்லையே."

 அடுத்த வாரம் தாமலுக்கு வந்து மன்னிப்புக் கேட்கலாம் என்று இருந்தேன். அப்படி எத்தனையோ வாரம் போனது. கடைசியில் உங்கள் சாவுக்கு மாலையோடுதான் வந்தேன்.

நாளை பழைய மாணவர்கள் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தக் குழாயை எடுத்துக்கொண்டு போகிறேன். தள்ளப் போனவன் நான் என்றுதான் ஆரம்பிக்கப் போகிறேன். மணிக்கட்டில் உங்கள் பிடி இன்னும் இருக்கிறது, சிஸ்டர். விடாதீர்கள்.