வலிக்கு மூன்று

மார்ச் 3, செவ்வாய்

எனக்கு எவ்வளவு வலித்தது? இருபத்தைந்து வருடம் கழித்து வந்திருக்கும் கேள்வி. பதில் தெரியவில்லை என்று இங்கே எழுதிவிடலாம், யாரும் படிக்கப் போவதில்லை.

கேட்டது நிறைமாத மகள், இன்று என் வீட்டுக்கு வந்திருந்தாள். மருத்துவமனைக்கு எடுத்துப் போக வேண்டியதையெல்லாம் கட்டிலில் பரப்பிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் திறக்கும் நைட்டி மூன்று. இடுப்புக்கு மேலே ஏறி நிற்கும் பருத்தி உள்ளாடை ஆறு, தையலில் இலாஸ்டிக் படக்கூடாதாம். குழந்தை தலை மேலேயும் கால் கீழேயுமாக உட்கார்ந்திருக்கிறது, திரும்புகிற எண்ணம் அதற்கு இல்லை. அடுத்த செவ்வாய் காலை அறுவை சிகிச்சை என்று முடிவாகிவிட்டது.

அவள் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, "என்னையும் ஆபரேஷன் பண்ணித்தானே எடுத்தாங்க? ரொம்ப வலிச்சுதாம்மா?" என்றாள்.

"மறந்தே போச்சுடி. எல்லாம் ஒரு வாரந்தான்."

அவள் முகம் தெளிந்தது. சரியான பதில்தான் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உள்ளாடைகளை மறுபடி எண்ணினேன். ஆறுதான்.

மார்ச் 6, வெள்ளி

இன்றிலிருந்து மூன்று வாரம் விடுப்பு. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு நீளமாக எடுத்ததில்லை. எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடப்போகிறவளிடம் அலமாரிச் சாவியைக் கொடுத்தேன். "மேடம், பேரக்குழந்தையைப் பாட்டில்ல அடைச்சு சீல் வெச்சிடாதீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முற்றிலும் நியாயமான பயம்.

மார்ச் 8, ஞாயிறு

மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டாம் மாடி. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக், ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிறவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. முப்பத்தெட்டுப் படி. என் முட்டி எண்ணிச் சொன்னது.

கீழ் வீட்டம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "கத்தி வெச்சுத்தான் எடுக்கப் போறாங்களாமே? இப்பல்லாம் யாருக்குங்க பொறுமை இருக்கு."

"குழந்தைக்குத்தாங்க இல்லை. திரும்பவே மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு ஏறினேன். பாதி மாடி ஏறிய பிறகுதான் கோபம் வந்தது. எனக்கு எல்லாமே தாமதமாகத்தான் வருகிறது.

மார்ச் 9, திங்கள்

மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. சம்மதப் படிவத்தை நான்கு பக்கமும் படித்தேன். மாப்பிள்ளை ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். "அத்தை படிச்சாச்சுல்ல, அப்புறம் எனக்கெதுக்கு?" ரத்தப்போக்கு, தொற்று, மயக்க மருந்து, சிறுநீர்ப்பை — ஒவ்வொன்றாகப் படித்ததை அவருக்கு நான் சொல்லவில்லை.

மகள் ஒன்றுமே கேட்கவில்லை. மருந்து சோப்பால் குளித்துவிட்டு வந்து தலையைப் பின்னிக்கொண்டாள். பயமாக இருக்கிறதா என்றேன். "நீ பயந்தியா என்ன?" என்றாள்.

மார்ச் 10, செவ்வாய்

காலை 9.40. பெண். இரண்டு கிலோ எண்ணூற்றைம்பது. இருவரும் நலம்.

அறைக்குக் கொண்டுவந்ததும் மகள் கேட்ட முதல் கேள்வி: "எங்கம்மா அவ?"

என்னைப் பற்றியும் இதே கதைதான் சொல்வார்கள். இவள் அப்பா இருந்தவரைக்கும் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மயக்கம் தெளிஞ்சதும் என் குழந்தை எங்கேன்னுதான் கேட்டா." நான் கேட்டது அதுவல்ல. மணி என்ன என்று கேட்டேன். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். மறுக்காமலே இருந்தால் ஒரு கதை எவ்வளவு வருடம் ஓடும் என்பதற்கு என் வீடே சாட்சி.

மார்ச் 11, புதன்

மகளை எழுப்பி நடக்கவைத்தார்கள். நர்ஸ் பெரிய உடம்பு, பெரிய குரல். "எழுந்திரு தங்கம், கட்டில் தானா உன்னைத் தூக்கி விடாது. இருமணும்னா தலகாணியை வயித்துல அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருமு." பக்கத்துக் கட்டில்காரி கத்தின கத்தலில் ஜன்னல் அதிர்ந்தது. என் மகளிடமிருந்து ஒரு சத்தமில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் குறித்து வைக்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி

வீடு. மாப்பிள்ளை மாடிப்படி திரும்பும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். ஏறி முடிக்க இருபது நிமிடம். அவர் குழந்தையை, கனமான கருவி ஒன்றைக் கைமாற்றுவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். "ஒரு லிஃப்ட் மாட்டினாக்கூடக் கையேடு தர்றாங்க அத்தை. இந்தப் பொடிசுக்கு ஒண்ணுமே தரலையே?"

நான் தந்தேன். கோடு போட்டு ஒரு தாள், அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. நேரம், மாத்திரை, காய்ச்சல், பால், வலி. மருத்துவமனையில் சொன்னதுபோலவே வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஓர் எண். காய்ச்சலை நான் பார்த்து எழுதுவேன், வலியை அவளே எழுத வேண்டும். கடைசிக் கட்டம் என் கையெழுத்துக்கு.

"கையெழுத்து வேறயா? ஆபீஸை வீட்டுக்கே கொண்டுவந்துட்டியா?" என்றாள். ஆனாலும் பென்சிலை எடுத்து எழுதினாள்: 3.

மார்ச் 15, ஞாயிறு

இடுப்பு விட்டுப்போச்சு. எனக்கு.

மார்ச் 16, திங்கள்

துணி, பால், துணி, சூப், துணி. பொடிசு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்துக்கொள்கிறது. யாராவது உட்காருங்கள் என்று சொன்னால் அழுதுவிடுவேன் போலிருக்கிறது. ஆனால் யாரும் சொல்வதில்லை.

அக்கா ஃபோன் பண்ணினாள். காய்ச்சல் இல்லை, வலி மூன்றுதான் என்றேன்.

"மூணா? நேத்தும் மூணுன்னுதானே சொன்னே?"

"குறைவாத்தானே இருக்கு. நல்லதுதானே."

"நீ பதினோரு நாள் செவுத்தைப் பாத்துக்கிட்டுக் கிடந்தியே, அதை அவகிட்ட எப்பவாவது சொல்லியிருக்கியா?"

"எதுக்கு? பயமுறுத்தவா?"

"ஆமாமா, நீ பயமுறுத்தாமத்தான் வளத்திருக்கே. தும்மினாக்கூட மன்னிப்புக் கேக்குற பொண்ணா!"

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை.

மார்ச் 18, புதன்

மதியம் மூன்று மணி. டாக்ஸி வரும்வரை எழுதுகிறேன், எழுத்து எப்படி வந்தாலும் சரி.

இரண்டு மணிக்குப் பரிசோதனைக் கூடத்திலிருந்து அழைப்பு. ஒரு நீரேற்று நிலையத்திலிருந்து ஐந்து நாளாக அமில-கார அளவு ஒரே எண்ணாக வருகிறதாம், ஏழு புள்ளி இரண்டு. கையெழுத்துப் போடலாமா என்று எனக்குப் பதிலாக இருப்பவள் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அஞ்சு நாளா ஒரே எண்ணா? தண்ணி என்ன சிலையா? நேர்ல போய்ப் பாரு. ஒண்ணு கருவி செத்துக் கிடக்கும், இல்லேன்னா எவனோ உக்காந்த இடத்துல எழுதியிருப்பான்."

ஃபோனை வைத்தேன். எதிரே அலமாரிக் கதவு.

3. 3. 3. 3. மேலிருந்து கீழ்வரை. ஒரு நாளைக்கு நான்கு முறை, ஐந்து நாள். குளித்த பிறகு 3. படியிறங்கி ஏறிய பிறகு 3. இருமல் வந்த அன்றும் 3. இருபது முறை நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அறைக்குள் போனேன். ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"தையலைக் காட்டு."

"நல்லாத்தாம்மா இருக்கு. காலையிலதானே குளிச்சேன்."

"காட்டுடி."

நைட்டியைத் தூக்கினாள். தையலின் வலது ஓரத்தில் ஒரு நாப்கினை மடித்து வைத்திருந்தாள். அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, தொட்டால் சுட்டது. நடுவில் மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்தது. மூன்று நாளாகவாம்.

"மூணு நாளா? ஏண்டி சொல்லலே? ஏன்?" என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "உனக்கு ஒரு வாரத்துல மறந்தே போச்சுன்னியே. மறந்துபோற வலிக்கெல்லாம் போய் எட்டு ஒம்பதுன்னு எழுதினா நீ என்ன நெனைப்பே?"

மாப்பிள்ளைக்குச் சொல்லியாயிற்று. டாக்ஸி கீழே வந்துவிட்டது.

மார்ச் 19, வியாழன்

தையலில் நான்கைப் பிரித்துச் சீழை எடுத்திருக்கிறார்கள். ஊசி மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. மருத்துவர் என்னை வெளியே கூப்பிட்டு, "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா மறுபடி தியேட்டருக்கே போக வேண்டியிருந்திருக்கும்மா. வீட்ல காய்ச்சல் பாக்கலையா?" என்று கேட்டார்.

பார்த்தேன். எட்டு மணிக்கு மாத்திரை, ஒன்பது மணிக்குத் தெர்மாமீட்டர். நாள் தவறாமல். அந்த மாத்திரையே காய்ச்சலை அமுக்கிவிடும். குளோரின் போட்ட கையோடு மாதிரி எடுத்து வந்த ஓர் ஆளை நான் ஒருமுறை எல்லார் முன்னாலும் திட்டித் தீர்த்திருக்கிறேன். அந்த ஆளின் முகம் இப்போது ஞாபகம் வருகிறது.

இவ்வளவையும் மருத்துவரிடம் சொல்லவில்லை. "தப்பான நேரத்துல பாத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 20, வெள்ளி

மறுபடி முப்பத்தெட்டுப் படி. மறுபடி நாற்காலிகள். மாப்பிள்ளை இன்று எதுவும் வேடிக்கையாகச் சொல்லவில்லை. மேலே வந்ததும், "அத்தை, நானும் அந்தத் தாளைத் தினமும் பாத்தேன். மூணுன்னா நல்லதுதானேன்னு விட்டுட்டேன்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் கருவிகளோடு பிழைப்பவர்கள்.

மார்ச் 21, சனி

வீட்டுக்கு வரும் நர்ஸ் கட்டு மாற்றினார், எனக்கும் கற்றுக்கொடுத்தார். புண்ணுக்குள் வைத்திருக்கும் மருந்துத் துணியை இடுக்கியால் மெல்ல எடுத்து, கழுவி, புதியதை வைக்க வேண்டும். மகள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். எண் கேட்டதற்கு "நாலு" என்றாள். நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

நாளை ஞாயிறு, நர்ஸ் வரமாட்டார். நான்தான் மாற்ற வேண்டும். அப்போது சொல்லிவிடப் போகிறேன். சொற்களை ஒரு தாளில் எழுதியும் வைத்துவிட்டேன், வாயால் பேசத் தெரியாதவளுக்கு வேறு வழி?

'நான் மறந்துவிட்டதாகச் சொன்னது உண்மையல்ல. நீ பிறந்த பிறகு பல நாள் உன்னைத் தூக்கவில்லை. வலியும் பயமும் இருந்தன. யாரிடமும் சொல்லவில்லை.'

நான்கு வாக்கியம். படித்துப் பார்த்தால் பரிசோதனை அறிக்கை மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

வேறு எதற்கும் இன்று தெம்பில்லை.

மார்ச் 22, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை பத்து மணி. இரண்டு முறை கை கழுவி, கையுறை போட்டுக்கொண்டேன். தாளை மருந்துப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். "உன்கிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தபடியே இடுக்கியால் துணியை இழுத்தேன். காய்ந்து ஒட்டியிருந்திருக்கிறது. முதலில் அதை நனைத்திருக்க வேண்டும், நர்ஸ் சொல்லிக்கொடுத்தது.

"ஐயோ! கையை எடும்மா! என்ன இழுவை இது, கயிறா இழுக்கறே?"

வீடே கிடுகிடுத்தது. பொடிசு விழித்து வீறிட்டது. மாப்பிள்ளை பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்து வாசலில் நின்றார். கீழ் வீட்டம்மாள் வீட்டில் ரேடியோ நின்றுபோனது.

என் மகள் கத்தி நான் கேட்டது, அவள் பள்ளிக்கூடத்துக்குப் போன வயதுக்குப் பிறகு இதுதான் முதல்முறை.

"எவ்வளவு?" என்றேன்.

"எட்டு! எட்டுக்கு மேல! போதுமா?"

"போதும்."

உப்புநீரை ஊற்றித் துணி ஊறட்டும் என்று காத்திருந்தேன். மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அவள் அழுதுகொண்டே என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"உனக்கு எவ்வளவு? மறந்துபோச்சுன்னு மட்டும் சொன்னே..."

அந்த நான்கு வாக்கியத்தில் ஒன்றும் வரவில்லை.

"ஒம்பது" என்றேன். "பதினோரு நாள் உன்னை நான் தொடலே. உன் பெரியம்மாதான் வெச்சிருந்தா. நீ அழுதா தலகாணியால காதை மூடிக்குவேன்."

அவள் என்னையே பார்த்தாள். வெளியே குழந்தை ஓய்ந்திருந்தது.

"அப்ப அப்பா சொன்னது? கண்ணு முழிச்சதும் குழந்தை எங்கேன்னு..."

"மணி என்னன்னு கேட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றில் தலையணையை அமுக்கிக்கொண்டு, "சிரிக்க வைக்காதேம்மா, உசுரு போகுது" என்று சிரித்தாள், அழுதாள், எதென்று பிரிக்க முடியவில்லை. என் கண்ணாடியும் மங்கிவிட்டது, கையுறை போட்ட கையால் துடைக்கவும் முடியாது.

துணி இப்போது தானாகவே வழுக்கி வந்தது. ஓரம் சிவப்புக் குறைந்திருக்கிறது. நல்ல நிறம்.

கட்டு முடிந்ததும் அலமாரித் தாளை எடுத்து வரச் சொன்னாள். இன்றைய வரிசையில் 8 என்று எழுதினாள். பிறகு தாளின் உச்சியில், முதல் வரிசைக்கும் மேலே இருந்த வெற்றிடத்தில் கோடு போட்டு, அவள் பிறந்த தேதியைப் போட்டு, வலிக்கு நேரே 9 என்று எழுதினாள்.

அது அளவீடு இல்லை, வெறும் ஞாபகம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"கையெழுத்து?" என்று பென்சிலை நீட்டினாள்.

போட்டேன்.