எண்ணெய் ஆகாத பிள்ளை

இன்று காலை ஆனையூர் மாவு மில்லில் எனக்கு முன்னால் நின்ற பெண் பாசிப்பயறு அரைத்தாள். மாவு சூடாக டின்னில் இறங்க இறங்க, அந்தப் பச்சை வாசனை மில் முழுக்கப் பரவியது. “கொழந்தையக் குளிப்பாட்டவா?” என்று கேட்டேன். “ஆமாம்மா, நீங்களும் உங்க பிள்ளைகளுக்கு இதத்தான் போட்டீங்களா?” என்றாள். “நான் பூனைக்குப் போட்டேன்” என்றேன். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் மில்காரரைப் பார்த்தாள். நீ பக்கத்தில் இருந்திருந்தால் முழுக் கதையையும் நீயே சொல்லி முடித்திருப்பாய். என் கதைகளைக்கூட நீதான் சொல்வாய், என்னைத் தலையாட்ட மட்டும் விடுவாய். இப்போது உன் முறையும் சேர்த்து நானே சொல்லவேண்டியிருக்கிறது, அதுவும் உன்னிடமே.

எழுபதுகளின் கடைசி. தெற்குவாசல் பக்கம் அந்தக் காம்பவுண்டில் எல்லாக் குடித்தனத்துக்கும் ஒரே கிணறு, ஒரே முற்றம். நான் கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவள். நீ அடுத்த கதவு. உன் வீட்டில் உங்கள் சௌராஷ்டிர பாஷை ஓடும். வாசலைத் தாண்டியதும் மதுரைத் தமிழுக்கு மாறிவிடுவாய். காலையில் உட்கார்ந்தால் மடியில் வெள்ளைத் துணியைப் போட்டுக்கொண்டு சுங்குடிச் சேலைக்குப் புள்ளிப் புள்ளியாக முடிச்சுப் போடுவாய். வாய் ஒரு பக்கம் ஊர்க்கதை பேசும், விரல் ஒரு பக்கம் ஓடும். இரண்டில் எது வேகம் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

காம்பவுண்டுப் பூனை உன் துணி மூட்டைக்குப் பின்னால்தான் குட்டி போட்டது. மற்றக் குட்டிகளெல்லாம் புசுபுசுவென்று இருக்க, ஒன்று மட்டும் வேகவைத்து உரித்த பனங்கிழங்கு மாதிரிக் கிடந்தது. மேலெல்லாம் சுருக்கம், காது மட்டும் பெரிது. உற்றுப் பார்த்தால் நம் கன்னத்தில் இருக்குமே பூனைமுடி, அவ்வளவுதான் அதற்கும். பூனைக்கே பூனைமுடிதானா என்று நான் சொல்ல, நீ சிரித்த சிரிப்பில் தாய்ப்பூனை எழுந்து ஓடிவிட்டது. “பழனிக்கு நேந்துக்கிட்டு மொட்டை போட்டுட்டு வந்து பொறந்திருக்கான்டி” என்றாய். அன்றிலிருந்து அவன் பெயர் பழனி.

மற்றக் குட்டிகளை ஆளுக்கொன்றாக எடுத்துப்போனார்கள். பழனியை யாரும் தொடக்கூட இல்லை. நாம் இருவரும் வளர்த்தோம். வளர்த்தோம் என்றால், நமக்குத் தெரிந்த ஒரே விதத்தில். உடம்பில் துணியில்லாத, முடியில்லாத சின்ன உயிர் ஒன்று நம் கையில் கிடைத்தால் நமக்கு என்ன தோன்றும்? பிள்ளைக் குளியல்தான். நீ முற்றத்தில் மணையைப் போட்டுக் காலை நீட்டி உட்காருவாய். முழங்காலுக்குக் கீழே அவனைக் கிடத்தி, காய்ச்சிய தேங்காயெண்ணெயை உச்சி முதல் வால் வரை தேய்ப்பாய். நான் வெந்நீர் ஊற்றுவேன். மூக்கைப் பிடித்துவிட்டு, சாம்பிராணிப் புகையும் காட்டுவோம். நெற்றியில் மைப்பொட்டு வைப்பது உன் வேலை. அவனும் ஆரம்பத்தில் சுகமாகத்தான் கிடந்தான்.

கொஞ்ச நாளில் தாடையில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி வந்தது. பிறகு கழுத்து மடிப்பிலும் வாலடியிலும் கொப்புளம். காதுக்குள் தவிட்டு நிறத்தில் அழுக்கு. சூடு என்று நினைத்து இன்னும் எண்ணெய் வைத்தோம். அடங்கவில்லை என்று வேப்பெண்ணெயும் கலந்தோம். அதை நக்கி நக்கி வயிற்றாலும் போனது. வைக்க வைக்க அதிகமானது, அதிகமாக ஆக இன்னும் வைத்தோம். இப்போது நினைத்தால் நம்மை நினைத்துச் சிரிப்பும் வருகிறது, அவனை நினைத்துப் பாவமாகவும் இருக்கிறது.

வீட்டுக்காரம்மா ஒருநாள் கிணற்றடியில் வைத்துப் பேச்சை எடுத்தார். அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள்.

“இந்தா பாருங்க, அது சொறி. பச்சப்புள்ள வரப்போற வீடு. ஒட்டிக்கிருச்சுன்னா நான் எங்கிட்டுப் போவேன்? எம்மக வர்றதுக்குள்ள சாக்குல போட்டு ஆத்துக்கு அங்கிட்டு விட்டுட்டு வரணும், ஆமா.”

அவர் பேசியது நியாயம்தான். தாய்க்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும். ஆனால் முடியுள்ள பூனையை ஆற்றுக்கு அந்தப்புறம் விட்டால் எங்காவது பிழைத்துக்கொள்ளும். பழனியை விட்டால் வெயில் ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம். ஒரு பகல் தாங்குவானா? நீ எதிர்த்துப் பேசுவாய் என்று பார்த்தேன். நீயோ வீட்டுக்குள் போய் அவனை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் பாஷையில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாய். அந்தப் பயலுக்கும் அந்தப் பாஷைதான் புரியும். நான் தமிழில் கூப்பிட்டால் காதைக்கூட அசைக்கமாட்டான். அன்று மட்டும் அவன் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வாரம்தான் நீ முடிச்சுப் போட்டு அனுப்பிய சேலை ஒன்று சாயப்பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. முந்தானையில் ஒரு இடத்தில் சாயமே பிடிக்கவில்லை. பழனி சுருண்டு படுக்கிற அளவுக்கு வட்டமாக வெளிறிக் கிடந்தது. “துணியில எண்ணெய் பட்டிருக்கு, பாத்து வேல செய்யுங்க” என்று ஆள் சொல்லிவிட்டுப் போனார். நீ அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். திட்டு வாங்கியதற்கு வருத்தப்படுகிறாய் என்று நினைத்தேன்.

“ஏ புள்ள, இந்தத் துணியில முடிச்சுப் போட்டது எப்பன்னு நெனவிருக்கா? எங்க மாமியாருக்கு மேலுக்கு முடியலன்னு நான் ஆசுபத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சேனே, அப்ப. இவன் இந்தத் துணிமேலதான் சுருண்டு கெடப்பான்.”

“ஆமா.”

“அப்ப இவனக் குளிப்பாட்டவே இல்லியே. ஒரு சொட்டு எண்ணெய் வைக்கலியே. பெறகு எங்கிட்டிருந்து வந்துச்சு இம்புட்டு எண்ணெய்?”

நீயே அவன் முதுகில் ஒரு வெள்ளைத் துண்டை அழுத்தி எடுத்துக் காட்டினாய். மஞ்சளாக ஒட்டியிருந்தது. “இவனுக்கே ஊறுதுடி. முடியிருந்தா முடி குடிச்சிக்கிரும். இவனுக்குக் குடிக்க ஒண்ணுமில்ல, தோல்லயே நிக்குது. நாம வேற அதுமேல ஊத்தியிருக்கோம். இவனுக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, எண்ணெய எடுக்கணும்.”

முடிச்சுப் போடுமுன் துணியிலிருந்து கஞ்சியும் பிசுக்கும் போக நீ அலசுவாயே, அந்தப் பொறுமையை இப்போது பூனையிடம் காட்டினாய். சீயக்காய் கண்ணை எரிக்கும் என்று ஒதுக்கினாய். பாசிப்பயறு மாவை மல்துணியில் இரண்டு தரம் சலித்து, கை பொறுக்கும் வெந்நீரில் நீர்க்கக் கரைத்தாய். தேய்க்கவில்லை, ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாய். கழுத்து மடிப்பை விரித்து ஒரு முறை, கால் விரல் இடுக்கில் ஒரு முறை. காதில் விரல் போகிற வரைக்கும்தான், அதற்கு உள்ளே போகக் கூடாது என்று என்னை அதட்டினாய். மாவு துளி தங்காமல் அலசி, பழைய வேட்டியில் சுற்றி உடனே ஈரத்தை எடுத்துவிடவேண்டும். கொப்புளம் வாடத் தொடங்கியதும் உனக்கு ஆசை மிஞ்சிப் போய்த் தினமும் குளிப்பாட்டினாய். தோல் வறண்டு செதில் விட்டது. “அழுக்கா இருந்தாலும் குத்தம், அலசுனாலும் குத்தம், மாப்பிள்ள வீட்டுக்காரன் மாதிரில்ல பண்றான்” என்று அவனைத் திட்டிவிட்டு, வாரத்துக்கு ஒரு குளியல் என்று நிறுத்திக்கொண்டாய். உச்சி வெயிலில் சுவர்மேல் படுத்து அவன் காது சிவந்துபோன பிறகு, பகலில் கதவைச் சாத்தி வைத்தோம்.

மகள் வந்து இறங்கிய அன்று வீட்டுக்காரம்மா நேராக நம் வாசலுக்கு வந்தார். கையில் சாக்கு. நீ ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. பழனியைத் தூக்கி அவர் முன்னால் நீட்டினாய். “தொட்டுப் பாருங்கம்மா. தொட்டுப் பாத்துட்டுச் சாக்குல போடுங்க.”

அவர் தயங்கினார். பிறகு ஒரு விரலை வைத்தார். பிறகு கையை வைத்தார்.

“என்னடி இப்பிடிச் சுடுது? காய்ச்சலா?”

“காய்ச்சல் இல்லம்மா. நமக்கும் அதுக்கும் நடுவுல முடி இல்லல்ல, அதான் உள்ள இருக்குற சூடு நேராத் தெரியுது.”

வீட்டுக்காரம்மா கையை எடுக்கக் கொஞ்ச நேரமானது. பழனி கண்ணை மூடிக்கொண்டான். கடைசியில் அவர், “மார்கழி வருது, எதையாச்சும் தச்சுப் போடுங்க, வெறச்சுக்கிறப்போறான்” என்று சொல்லிவிட்டுச் சாக்கை மடித்துக்கொண்டு போனார். நீ அவர் போகும்வரை விறைப்பாக நின்றுவிட்டு, கதவைச் சாத்தியதும் என் தோளில் சாய்ந்து அழுதாய். உன் சுங்குடித் துண்டில் தைத்த சட்டையோடு அவன் அந்தக் காம்பவுண்டில் எத்தனையோ மார்கழி பார்த்தான்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. பசுமலையில் உன் மகள் வீட்டில் நீ படுத்திருந்த மாதங்களில் நான் வந்து உன்னை வெந்நீர்த் துணியால் ஒற்றி எடுப்பேன். உனக்குப் பேச்சு குறைந்துபோன பிறகும், விரல் இடுக்கை விட்டுவிட்டேனா என்று மட்டும் கண்ணால் பார்ப்பாய். அப்போது எனக்குக் கோபம்கூட வரும். இப்போது அந்தப் பார்வைக்காக ஏங்குகிறேன்.

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு வளைகாப்பு. பின்வீட்டுப் பெண்ணும் வந்திருந்தாள். அவளுக்குக் கையிலும் முகத்திலும் வெண்படை. சந்தனம் பூசுகிற வரிசையில் அவள் முறை நெருங்க நெருங்க, அவள் தானாகவே பின்னால் பின்னால் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்தேன். நல்ல சூடு. அப்படியே கூட்டிவந்து, அந்தக் கையைச் சந்தனக் கிண்ணத்தில் வைத்தேன். நாற்காலியில் இருந்த கர்ப்பிணிப் பெண் ஒரு கணம் எங்களைப் பார்த்தாள். பிறகு, வளையல் குலுங்க முன்னால் சாய்ந்து, அவளிடம் கன்னத்தைக் காட்டினாள்.