பானட்டில் இரண்டு தட்டு

எவ்வளவு சோப்புப் போட்டுக் கழுவியும் விரலிடுக்கில் கிரீஸ் வாடை போகவில்லை, அண்ணே. துறைமுகத்து அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது கையை மூக்கருகே கொண்டுபோனேன். கிரீஸும் உப்புத் துருவும் கலந்த வாடை. நீ சாப்பிட உட்காரும்போது உன்னிடம் வருவது.

உன் ஜீப்புக்கு என்னைவிட வயது அதிகம். கரைமணலில் வள்ளங்களை மேலே இழுத்துவிடுவதுதான் அதன் பிழைப்பு, உன் பிழைப்பும். பின்சக்கரங்கள் மட்டும் சுழன்றால் மணலில் புதைந்துவிடும். நான்கும் இழுக்கவேண்டுமென்றால் யாராவது இறங்கி, ஒவ்வொரு முன்சக்கரத்தின் நடுவிலும் இருக்கிற லாக்கைக் கையால் திருப்பவேண்டும். அதன்பிறகுதான் நீ உள்ளே கியர் போடுவாய். இறங்குகிற ஆள் நான். காலேஜில் படித்தபோது லீவு நாளெல்லாம் அதுதான் என் வேலை.

திருப்பி முடித்து "ஆச்சு" என்பேன். அலைச் சத்தத்திலும் எஞ்சின் சத்தத்திலும் என் குரல் எனக்கே கேட்காது.

"ஏளா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று கத்துவாய். ஒருநாள் நீயே வழி சொன்னாய். "பேச வேண்டாம். பானட்டுல தட்டு, போதும்."

இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. வகுப்பில் எழுந்து பேரைச் சொல்லவே நடுங்குகிறவள், அந்தத் தகரத்தை மட்டும் பயமில்லாமல் அடித்தேன்.

மணலைவிட்டு ஏறியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் நீ வீட்டுக்குள் வந்ததில்லை. உப்பு ஒரு ராத்திரி தங்கினாலும் இரும்பைத் தின்றுவிடும் என்பாய். குழாயில் தண்ணீர் வராத நாளில் அம்மா குடத்தை மறித்துக்கொண்டு நிற்பாள்.

"மனுசன் குடிக்கத் தண்ணியில்ல, இவன் ஜீப்பைக் குளிப்பாட்டுதான்!"

"அதுவும் நம்ம வீட்டுப் புள்ளதாம்மா."

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு வண்டி தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. ஞாயிறுதோறும் அம்மா கோயிலுக்குப் போன நேரத்தில் ஸ்டார்ட் செய்து வைப்பேன். அந்தச் சத்தம் கேட்டால் நீ வந்துவிட்டதாக அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

"ஓட்ட ஆளில்லாத வண்டி எதுக்குளா? நாளைக்கழிச்சு ஒருத்தன் வந்து எடுத்துட்டுப் போவான்" என்று நேற்றுச் சொன்னாள். நான் ஓட்டுகிறேன் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். தார் ரோட்டில் ஓட்டியிருக்கிறேன், மணலில் ஓட்டியதில்லையே.

இன்று காலை காற்று பலத்துவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் வள்ளத்தை அலை புரட்டிக்கொண்டிருந்தது. வள்ளம் இழுக்க இப்போது வருகிற டிராக்டரும் வரவில்லை. அவர் நம் வாசலுக்கு வந்து ஜீப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சாவியை எடுத்தேன்.

வள்ளத்தில் கயிறு கட்டினார்கள். உன் சீட்டில் உட்கார்ந்து காத்திருந்தேன். எதற்கென்று தெரியாமலே காத்திருந்தேன். "போ, போ!" என்று அண்ணாச்சி கத்தவும், கியரைப் போட்டு மிதித்தேன். பின்சக்கரங்கள் மணலைத் தோண்டிக்கொண்டு இறங்கின.

"ஏளா, முன்னாடி லாக் போட்டியா இல்லியா?"

உன் இடத்தில் உட்கார்ந்ததும் என் வேலையை மறந்திருக்கிறேன், அண்ணே.

இறங்கினேன். சக்கரத்தடியில் மணலைக் கையால் வாரித் தள்ளினேன். இடது லாக்கைத் திருப்பி ஒரு தட்டு. வலதைத் திருப்பி ஒரு தட்டு. தட்டிவிட்டு நிமிர்ந்து கண்ணாடி வழியே உள்ளே பார்த்தேன்.

ஸ்டியரிங் மட்டும் இருந்தது.

கரையில் நின்ற எல்லாரும் என்னையே பார்த்தார்கள். போய் ஏறினேன். வண்டி உறுமி, திணறி, நகர்ந்தது. வள்ளம் மேலே வந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா நல்ல தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றாள். குனிந்து வண்டியின் அடிப்பக்கம் ஊற்றினாள். "உப்பு தங்கிரும்" என்றாள். அழுதுகொண்டேதான் ஊற்றினாள். குடம் காலியான பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"நாளைக்கு வாரவன்கிட்ட வண்டி இல்லன்னு நீயே சொல்லிரு. கேக்குற மாதிரி சொல்லு."

சொல்லிவிடுவேன். இனி நானே இறங்கி, நானே திருப்பி, நானே ஏறவேண்டும். பானட்டைத் தட்ட அவசியமே இல்லை. ஆனாலும் தட்டுவேன், அண்ணே. தட்டிவிட்டு, உள்ளே கியர் விழுகிற சத்தத்துக்காகக் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் ஏறுவேன்.