பங்களாவில் தங்கிய தாய்மாமன்

துரை பங்களா,
ஸ்பிரிங்வெளி.
10.8.2024

பதுளைக் கடைத்தெருவின் முதலாளியம்மா, என் செல்லத் தங்கச்சி கலாராணிக்கு,

அண்ணன் அழகர் எழுதிக்கொள்வது. இங்கே நான் குண்டாக இருக்கிறேன். அங்கே நீயும் அப்படித்தான் இருப்பாய். பங்களாவில் போனுக்கு சிக்னல் எடுக்காது என்று உனக்குத் தெரியும். அதனால் உங்கள் கடைச் சாமான் வேனில் வரும் றில்வானிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. கோழி கிளறினது மாதிரி இருக்கும். சிரிக்காமல் படி.

நம்ம துவாரகாவுக்குக் கல்யாணம் என்று றில்வான் சொல்லித்தான் தெரியும். தாய்மாமனுக்குக் கோவா, கரட் மரக்கறியோடு சேர்த்துச் சேதி அனுப்புகிறாய். பரவாயில்லை, சேதி வாடாமல் வந்தது. அன்றைக்கே பட்டு வேட்டி எடுத்துவிட்டேன். மாலை போட்டு, பிள்ளை கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வரும்போது வயிறு முன்னால் போகாமல் இருக்க ராத்திரிச் சோற்றையும் குறைத்திருக்கிறேன். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. வாழ்க்கையில் எனக்கென்று இருக்கிற ஒரே மேடை அதுதான், பார்த்துக்கொள்.

இன்னொரு கூத்து. லண்டன் சம்மந்தி வீட்டார் கல்யாணத்துக்கு இங்கேதான் ரூம் போட்டிருக்கிறார்கள்! வெள்ளைக்காரத் துரை கட்டின வீட்டில் படுக்க இடமும் காலைச் சாப்பாடும் என்றால் வெளிநாட்டுக்காரருக்கு அப்படி ஒரு ஆசை. துரை குளித்த தொட்டியில் உட்கார்ந்து படம் பிடிக்கிறார்கள். தண்ணீரை வாளியில் நான்தான் தூக்கிப் போக வேண்டும். வரட்டும். முதல் தேத்தண்ணியோடு, "நான்தாங்க பொண்ணுக்குத் தாய்மாமன்" என்று ஒரு போடு போடுகிறேன்.

மச்சானுக்கு என் வணக்கம். கடையில் பழைய பருப்பை இங்கே தள்ள வேண்டாம் என்று சொல்.

உன் அண்ணன்,
அழகர்


பதுளை.
13.8.2024

பேரன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி கலா எழுதுவது. உன் காகிதம் கண்டு சிரித்தேன். பிறகு ரூம் கதையைப் படித்ததும் உடனே பேனாவை எடுத்தேன்.

அண்ணே, சம்மந்தி வீட்டாரிடம் தயவு செய்து அப்படி ஒன்றும் சொல்லிவிடாதே. நான் கொழும்பில் பிறந்தவள், அப்பா பாடசாலைப் பிரின்சிபல், அண்ணன் பேங்க் மனேஜர் என்றுதான் இவர் சொல்லிப் பேசி முடித்திருக்கிறார். சம்மந்தியம்மா சந்திரகாந்தி முதல் போனிலேயே, "தேயிலைத் தோட்டத்து ஆளுங்க யாரும் உங்க சொந்தத்துல இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றுவிட்டேன். இப்போது நாம் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த கதை வெளியே வந்தால் துவாரகாவின் கல்யாணம் நின்றுவிடும்.

அவர்கள் அந்த பங்களாவைப் பிடிப்பார்கள் என்று யார் கண்டது? இன்டர்நெட்டில் படம் பார்த்து மாப்பிள்ளை ரிஷி ஒற்றைக் காலில் நின்றாராம். நீ அங்கே குக். அவ்வளவுதான். நாங்கள் வந்தால் என்னை மேடம் என்று கூப்பிடு. கோவித்துக்கொள்ளாதே அண்ணே, உனக்குத்தான் பெரிய மனசு.

அன்புத் தங்கச்சி,
கலா


துரை பங்களா.
16.8.2024

மேடம் கலாராணி அவர்களுக்கு,

எப்படி, சரியாக வந்ததா?

நம்ம அப்பாவைப் பிரின்சிபலாக்கிவிட்டாய். விடிய வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் பிந்தினதற்காகக் கங்காணியிடம் கெட்ட ஏச்சு வாங்கினவர். பெருவிரலை மையில் தொட்டு வைக்கிற பிரின்சிபலை உலகத்திலேயே நீ ஒருத்திதான் கண்டுபிடித்திருப்பாய். அம்மாவை என்ன ஆக்கினாய்? டாக்டரா? சொல்லி வை. கேட்டால் நானும் மாற்றிச் சொல்லிவிடுவேன்.

சரி தங்கச்சி. பிள்ளை வாழ வேண்டும். வாயைப் பூட்டிக்கொள்கிறேன். நான் வாயைப் பூட்டினால் உடம்புக்கு முடியாமல் போகும் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் பூட்டுகிறேன்.

ஒன்றே ஒன்று. கல்யாணத்தன்று மாலையை நான்தான் போடுவேன். ஒரு கோட்டு மாட்டிக்கொள்கிறேன். பேங்க் மனேஜர் என்றே சொல்லு. பேங்கில் என்னைக் கண்டால் யாரும் பேசுவதில்லை, அதே மாதிரி நானும் பேசாமல் நின்றுவிட்டு வருகிறேன்.

உன் அண்ணன்,
அழகர்


பதுளை.
21.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கொஞ்சம் யோசித்துப் பார். பங்களாவில் ஒரு வாரம் அவர்களுக்குப் பரிமாறின நீ, மண்டபத்தில் கோட்டோடு வந்து நின்றால் என்ன நினைப்பார்கள்?

இவருடைய கொழும்புச் சிநேகிதர் செல்வநாயகம் ஐயா தாய்மாமனாக நிற்கச் சம்மதித்திருக்கிறார். அவர் உண்மையிலேயே பேங்க் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பார்வைக்கும் நன்றாக இருப்பார். மாப்பிள்ளை வீட்டாரோடு பழகட்டும் என்று அவருக்கும் அங்கேயே ரூம் எடுத்திருக்கிறோம். துவாரகா சின்னதில் உன்னிடம் என்ன விளையாடுவாள், எப்படிக் கூப்பிடுவாள் எல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடு. தாய்மாமன் என்றால் அதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? மாலை போடும் முறையையும் காட்டிக் கொடு. அவருக்குப் பழக்கமில்லை.

அவர் பட்டு வேட்டியை நீயே அயர்ன் பண்ணு. வேறு யாரிடமாவது கொடுத்தால் கரையைக் கருக்கிவிடுவார்கள்.

துவாரகாவிடம் எல்லாம் சொல்லியாயிற்று. "மாமா ஒண்ணும் நெனைக்க மாட்டாரும்மா, ஏதாவது ஜோக் அடிச்சிட்டுப் போயிருவார்" என்றாள். உன்னை எப்படிப் புரிந்து வைத்திருக்கிறாள் பார்.

தங்கச்சி,
கலா


துரை பங்களா.
12.9.2024

என் தங்கச்சி கலாவுக்கு,

சம்மந்தி வீட்டார் சுகமாக வந்து சேர்ந்தார்கள். நானும் வந்து சேர்ந்தேன். அதாவது செல்வநாயகம் ஐயா. தினமும் விடிய என்னை நானே எழுப்பி, எனக்கு நானே தேத்தண்ணி கொடுக்கிறேன். நான் நன்றாகக் குறட்டை விடுகிறேன்.

பாடம் நடக்கிறது. நேற்று இப்படி:

"அழகர், பிள்ளை சின்னதுல என்னை எப்படிக் கூப்பிடுவா?"

"கும்பா மாமான்னு கூப்பிடுவாங்க ஐயா."

"அதென்ன பேர்? ஏன் அப்படி?"

"உங்க வயிறு அப்படிங்க ஐயா."

மனுசன் குனிந்து தன் ஒட்டின வயிற்றைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. மாலையைத்தான் தன் தலைப்பாகையிலேயே மாட்டிக்கொள்கிறார். என் சமையல் குசினி ஸ்டூலில் அரிசி மூட்டையை மணப்பெண்ணாக உட்கார வைத்துப் பழக்கினேன். இப்போது எனக்கு அந்த மூட்டை மேலேயே பாசமாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை துவாரகா மாப்பிள்ளையோடு தேத்தண்ணி குடிக்க வந்தாள். "சீனி எவ்வளவுங்க மேடம்?" என்று கேட்டேன். போனிலிருந்து நிமிரவில்லை. பிறகு, "இது ஆறிப்போச்சு, வேற கொண்டு வாங்க" என்றாள். வேறு கொண்டுபோய் வைத்தேன். அதையும் குடிக்கவில்லை. நீ சொன்னபடி ஒரு ஜோக் அடிக்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

கலா, விளையாட்டை விட்டுச் சொல்கிறேன். கல்யாணத்தன்று விடிய ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு, நான் வந்துவிடுவேன். என்னைக் கூப்பிடுவதால் உனக்கு ஒரு குறையும் வராது. கல்யாணமும் நிற்காது. நான் சும்மா சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஏன் என்று மட்டும் கேட்காதே. நீயாகக் கூப்பிட வேண்டும்.

உன் அண்ணன்,
அழகர்


பதுளை.
14.9.2024

அண்ணனுக்கு,

விடிந்தால் கல்யாணம், நிற்க நேரமில்லை. செல்வநாயகம் ஐயா மூக்குக்கண்ணாடியை பங்களாவில் விட்டுவிட்டு வந்துவிட்டார். றில்வானிடம் கொடுத்தனுப்பு. அதைச் சாட்டாக வைத்து நீ கொண்டு வராதே.

பந்திச் சாப்பாடு கட்டி அனுப்புகிறேன்.

கலா


துரை பங்களா.
18.9.2024

கலாராணிக்கு,

கல்யாணம் நல்லபடி முடிந்ததில் சந்தோஷம். சாப்பாடு வந்தது. ரசத்தில் உப்புக் குறைவு.

நான் உன்னிடம் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. சம்மந்தி வீட்டார் வந்த மறுநாள் காலை. மற்றவர்கள் தூக்கம். சம்மந்தியம்மா தனியே தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டு வந்தார். பங்களா முன்வாசல் ஆவென்று திறந்து கிடக்கிறது. அந்தம்மா அதில் ஏறவில்லை. பூப்பாத்தியைச் சுற்றி, விறகுக் கொட்டில் வழியாக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே என் குசினி வாசலுக்கு வந்து நின்றார். இங்கே எத்தனையோ நாட்டுக்காரர்கள் தங்கியிருக்கிறார்கள், ஒருத்தரும் அந்தப் பக்கம் வந்ததில்லை. துரை வீட்டு முன்படியில் கால் வைக்கக் கூடாது என்று யார் காலுக்குத் தெரியும்? உன் காலுக்கும் என் காலுக்கும்தானே தெரியும்?

என் வாய் சும்மா இருக்குமா?

"எந்தத் தோட்டம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"மடுல்சீமை" என்று யோசிக்காமலே சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் செருப்பு கையிலிருந்து விழுந்தது.

பெயர் பெரியாயியாம். சந்திரகாந்தி எல்லாம் லண்டன் போன பிறகு. அவரும் லயத்தில் பிறந்து, தேயிலைக் கொழுந்து பறித்தவர்தான். தன்னை அடையாளம் காண யாராவது இருப்பார்களோ என்ற பயத்தில்தான் உன்னிடம் தோட்டத்துச் சொந்தம் உண்டா என்று கேட்டாராம். "அண்ணே, பொண்ணு வீட்டுக்காரங்க பெரிய எடம், பிரின்சிபல் குடும்பம், தெரிஞ்சா என் மகனை வேணாம்னுருவாங்க" என்று என் விறகுக் கட்டையில் உட்கார்ந்து அழுதார். அந்தப் பிரின்சிபலை எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அழுகை சிரிப்பாகிவிட்டது.

அன்றைக்கே உன்னிடம் ஓடி வரப் பார்த்தார். நான்தான் தடுத்தேன். தங்கச்சி தானாகக் கூப்பிடட்டும், அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன். அந்தம்மா அதற்குச் சம்மதித்து, கல்யாணத்தன்று என்னையும் தங்கள் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். மண்டபத்து வாசலில் வேனுக்குள்ளேதான் வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேளம் நன்றாகக் கேட்டது.

ஐயர் தாய்மாமனைக் கூப்பிட்டபோது சம்மந்தியம்மா உன் பக்கத்தில் வந்து குனிந்து கேட்டாராமே: "சம்மந்தி, உங்க கூடப்பொறந்த அண்ணன் இவருதானா? வேற யாரும் வர இருக்காங்களா? வர இருந்தா நாம காத்திருப்போம்." நீ ஆமென்றிருந்தால் தன் கதையையும் மேடையிலேயே சொல்லிவிடுகிற எண்ணத்தில்தான் கேட்டாராம்.

நீ சிரித்துக்கொண்டே, "இவருதாங்க. எனக்கு ஒரே அண்ணன்" என்றாயாம்.

அந்தம்மா உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதை எல்லாரும் கண்டார்கள். நீ உன் சேலையைப் பார்க்கிறார் என்று நினைத்திருப்பாய். கல்யாணம் முடிந்ததும் வெளியே வந்து வேன் கதவைத் திறந்து, "போலாம்ணே" என்றார்.

இதை உனக்குச் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி என்று என் இஷ்டத்துக்கு விட்டார். சொல்லிவிட்டேன். நீ போய்க் கேட்டால் அவர் கண்டியில் பிறந்தேன் என்பார். நீ கொழும்பில் பிறந்தேன் என்பாய். பேரன் பேத்தி வந்தாலும் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது மட்டும் உனக்கு ஒவ்வொரு வாய்ச் சோற்றிலும் நினைவிருக்கும்.

நீ பதில் எழுதுவாய் என்று தெரிந்துதான் றில்வானிடம் சொல்லி வைத்திருக்கிறேன், உன் காகிதம் ஒன்றையும் வாங்கி வர வேண்டாம் என்று. அக்கினி சாட்சியாகச் சொல்லிவிட்டாய், உனக்கு ஒரே அண்ணன். அவர் கொழும்பில் இருக்கிறார். ஏதாவது எழுதுவதென்றால் அவருக்கு எழுது.

அழகர்