துணியில்லாமல் ஓடிய மெஷின்

அன்பு மகளுக்கு,

போன வியாழக்கிழமை காலை வீட்டில் இருந்தவர்கள் நான், உன் அண்ணன், அண்ணி, அவர்கள் மகள் குட்டிமணி, சட்டைக்குக் காஜா எடுக்க வரும் பெரியவர், இத்தனை பேர்தான். எல்லாரும் நலம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, நீயாவது அங்கே நலமாக இரு. அண்ணி அளவு நோட்டை இடம் மாற்றி வைத்துவிட்டாள், அதற்குத்தான் உன் அண்ணன் ஆரம்பித்தான். முதலில் கத்தல், பிறகு நாற்காலி, பிறகு அவள் கை அவன் பிடியில். நான் வெட்டின துணியும் கையுமாக நின்றேன், அப்போது தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் குட்டிமணி ஸ்டூல் நுனியில் உட்கார்ந்து கால் எட்டாமல் எட்டி மிதிக்கிறாள், ஊசிக்கு அடியில் துணியே இல்லை. ஏன்டி என்றதற்கு, சத்தம் தெருவுக்குக் கேக்கக் கூடாதுல்ல பாட்டி, நீங்க இப்படித்தான பண்ணுவீங்க என்கிறாள். ஆறு வயது.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை, பார்த்தே படித்திருக்கிறாள். உன் பன்னிரண்டு வயதில் உன் அண்ணன் உன் மணிக்கட்டை முறுக்கி உடைத்த அன்றைக்கும் நான் மெஷினில்தான் இருந்தேன். எதிர்வீட்டு டிரைவரின் காக்கிச் சட்டை. நீ அம்மா அம்மா என்று கூப்பிடக் கூப்பிட வேகமாக மிதித்தேன், சட்டையின் இடது தோள் கோணிப்போய்விட்டது. போட்டுப் பார்த்த டிரைவர், இதைத் தச்சப்ப வீட்ல பூகம்பமாக்கா என்று சிரித்தார், நானும் சிரித்தேன். ஆஸ்பத்திரியில் படியில் விழுந்தாள் என்றேன், உன்னையும் சொல்ல வைத்தேன். அவனை எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஐந்து வயதில் பட்டன் டப்பாவைக் கொட்டி நிறம் நிறமாக அடுக்குவான், ஒன்று குறைந்தால் சுவரில் மண்டையை மோதிக்கொள்வான். எனக்குக் காய்ச்சல் என்றால் ராப்பகலாகக் கால் பிடித்துவிடுவதும் அவன்தான், அதே கை. மூன்றாம் வகுப்பு டீச்சர், இவனை டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா என்றாள், அதற்காக இன்றுவரை அவளுக்கு ஒரு துணி தைத்துக் கொடுத்ததில்லை.

வியாழக்கிழமை நான் குட்டிமணியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்கதவை அகலமாகத் திறந்து வைத்தேன். தெருவே எட்டிப் பார்த்தது. அவன் கை நின்றுவிட்டது. மெஷினை ஏம்மா நிறுத்துன என்று கேட்டான், சின்னப் பிள்ளை மாதிரி. அண்ணியின் விரலுக்குக் கட்டுப் போட்ட டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டபோது, என் மகன்தான் என்றேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளையும் பிள்ளையையும் அவள் அம்மா வீட்டில் நானே கொண்டுபோய் விட்டுவிட்டேன். திங்கட்கிழமை அவனை டாக்டரிடம் கூட்டிப் போகப் போகிறேன், வருவானோ மாட்டானோ.

குளிருக்கு உன் மணிக்கட்டு வலிக்கும், கையுறை போடாமல் வெளியே போகாதே. நீயும் உன் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். டீச்சரை மன்னித்துவிட்டேன். அன்றைக்குச் சிரித்த டிரைவரை மன்னிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும். உன் அண்ணனையும் என்றைக்காவது மன்னிப்பேன், பெற்ற வயிறு. அந்தக் காக்கிச் சட்டையைத் தைத்தவளை மட்டும் நீயே மன்னித்தாலும் நான் மன்னிக்க மாட்டேன், அவள்தான் கீழே கையெழுத்துப் போடுகிறாள்.

உன் அம்மா