தராசு போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது

தஞ்சோங் கிளிங்,
மலாக்கா.
4-8-1996

அன்பு மகள் ராகினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் முனீஸ்வரர் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் தம்பி காந்தன் உயிரோடு இருக்கிறான், அங்கே லீட்சில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தம்பியின் எடையை ஏன் இந்த மாதம் எழுதவில்லை என்று போனில் அப்பாவிடம் கத்தினாயாம். தராசு இருந்தால்தானே எழுதுவதற்கு, நீ அனுப்பிய தராசு இப்போது போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. கண்ணாடி நொறுங்கி, உள்ளே இருந்த கம்பிச்சுருள் வெளியே வந்து, ஓரத்தில் ரத்தம் காய்ந்துபோய், பிளாஸ்டிக் பையில் கட்டி மேசைக்கடியில் வைத்திருக்கிறார்கள். பதறாதே, அதில் ஒட்டியிருப்பது நம் வீட்டு ரத்தம் இல்லை. முழுக்கப் படி, பாதியில் நிறுத்திவிட்டுப் போனைத் தூக்காதே, போனில் உன் அப்பா ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். சண்டை நடந்தபோது அவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார், அவருக்கு என்ன தெரியும்.

முதலில் உன்மேல் இருக்கிற கோபத்தை இறக்கிவைக்கிறேன். போன கடிதத்தில், அம்மா நீதான் அவனுக்கு ஒளித்து ஒளித்துச் சோறு போடுகிறாய், இல்லாவிட்டால் சித்திரையிலிருந்து நூற்றுப் பதினாலு கிலோவிலேயே எப்படி நிற்பான் என்று எழுதியிருந்தாய். கிட்டத்தில் இருந்து சொல்லியிருந்தால் உன் வாய்மேல் ஒன்று போட்டிருப்பேன், பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ் என்றெல்லாம் பார்த்திருக்க மாட்டேன். நீ ஏற்பாடு செய்து, சிங்கப்பூரில் அவன் வயிற்றைத் தைத்துச் சிறிதாக்கி அனுப்பிய நாளிலிருந்து அவனுக்கு அளந்து போடுகிறவள் நான். முதலில் வடிகட்டிய கஞ்சித்தண்ணீர், கோழி சூப்புத் தண்ணீர், பிறகு மசித்த பருப்பும் மசித்த மீனும், அதுவும் கைக்குழந்தைக்குச் சோறூட்டும் கிண்ணத்தில் பாதி. மென்று கூழாக்கித்தான் விழுங்க வேண்டும், சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, ஒரு வாய் அவசரப்பட்டாலும் நெஞ்சில் கல் மாதிரி நிற்கும், சாக்கடைக்கு ஓடி வெள்ளை நுரையாகக் கக்கிவிட்டு வருவான். ஆசைப்பட்டு ஒரு துண்டு ரொட்டி சானாய், அந்த எண்ணெய்ப் பரோட்டா, தின்றுவிட்டு, அது இறங்கவும் மாட்டாமல் ஏறவும் மாட்டாமல் நின்று, அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டதை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, வயிற்றுத் தோல் காலிச் சாக்கு மாதிரி தொங்கியது. இத்தனையும் பட்டுத்தான் நூற்றைம்பத்தெட்டிலிருந்து நூற்றுப் பதினாலுக்கு இறங்கினான். பிறகு நின்றுவிட்டது. உடம்பு குறைந்த தீனிக்குப் பழகிக்கொண்டால் எடை சில வாரம் அப்படியே நிற்கும், திட்டாதீர்கள், நடக்க வையுங்கள் என்று நீதான் எழுதினாய். நானும் நம்பிக் கடற்கரைச் சாலையில் அவனை மாடு ஓட்டுகிற மாதிரி ஓட்டிக்கொண்டு நடந்தேன். முள் அந்த நூற்றுப் பதினாலிலேயே படுத்துக் கிடந்தது.

கடைசியில் எறும்புதான் காட்டிக்கொடுத்தது. ஆனி பிறந்த சமயம், வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கறுப்பாக ஒரு வரிசை போனது, பின்னாலேயே போய்ப் பார்த்தால் தொட்டிக்கும் வேலிக்கும் நடுவில் காலி பால் டின்கள், தேத்தண்ணீருக்கு ஊற்றுகிற அந்தக் கெட்டிச் சர்க்கரைப் பால், ஒவ்வொன்றின் தலையிலும் ஆணியால் இரண்டு ஓட்டை. உறிஞ்சிக் குடித்திருக்கிறான். ஒரு வாய்ச் சோறு நிற்கிற வயிற்றில் இந்தப் பால் மட்டும் வழுக்கிக்கொண்டு போய்விடுமாம், தைத்ததெல்லாம் கட்டிச் சாப்பாட்டைத்தான் தடுக்கும் என்று டாக்டர் அன்றைக்கே சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எனக்குக் கண் மண் தெரியவில்லை ராகினி. தென்னந்துடைப்பத்தை எடுத்தேன், முப்பத்தொரு வயது ஆண்பிள்ளை என்றும் பார்க்காமல் முதுகிலும் தோளிலும் விளாசினேன், உன் அக்கா அந்தக் குளிரில் ராத்திரி டியூட்டி பார்த்து ஆப்பரேஷனுக்குப் பணம் கட்டினாளே, அதைப் பால் டின்னில் கரைத்துக் குடிக்கிறாயா என்று கத்திக்கொண்டே அடித்தேன். ஈர்க்கு ஒடிந்து சிதறியது. பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் வேலிமேல் தலையை வைத்துக்கொண்டு போதும் ராமாத்தா, போதும் ராமாத்தா என்றாள், நிறுத்தவில்லை. அவன் கையைக்கூடத் தூக்கவில்லை, துடைப்பத்தின் கட்டு அவிழ்ந்த பிறகுதான் வாயைத் திறந்தான். ஆசைக்குக் குடிக்கலம்மா, ஒடம்ப திரும்ப ஏத்தத்தான் குடிச்சேன் என்றான்.

அவன் என்ன வேலை செய்தான் என்று உனக்குத் தெரியும், கடற்கரை ஹோட்டல் ஒன்றின் டிஸ்கோ வாசலில் நின்று குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிறவர்களை வெளியே தள்ளுகிற வேலை. உடம்பு இருந்தப்ப நான் சும்மா நின்னாலே போதும்மா, எவனையும் தொட வேண்டியதில்லை, இப்ப நின்னா எவனும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிறான் என்றான். இளைத்த பிறகு முதலாளி அவனை வாசலிலிருந்து எடுத்துவிட்டு உள்ளே பீர் பெட்டி அடுக்கப் போட்டுவிட்டாராம், நம்மிடம் சொல்லவே இல்லை பார். அதைவிடப் பெரியது கணேஸ்வரன் விஷயம். செர்காம் பக்கம் மீன்படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிறவன், ரெண்டு வருஷத்துக்கு முன்னால் குடித்துவிட்டு வந்து வாசலில் பாட்டிலை உடைத்துக்கொண்டு நின்றபோது உன் தம்பி அவன் கையை முறுக்கி வெளியே எறிந்தான். கை ஒடிந்து, கோணலாகவே கூடியது, ஸ்பேனரை மேலே தூக்கிப் பிடிக்க முடியாமல் பாதி வேலை போயிற்றாம். உன் தம்பி மலை மாதிரி இருந்த வரைக்கும் அவன் எதிர்ப்பக்க ரோட்டில் போவான். இளைத்தான் என்று தெரிந்ததும் வந்துவிட்டான், பாசார் மாலத்தில், அந்த ராத்திரிச் சந்தையில், நாலு பேர் பார்க்கக் காந்தன் கன்னத்தில் அறைந்திருக்கிறான், அவன் குடித்துக்கொண்டிருந்த சூப்பில் துப்பி, குடிடா என்றிருக்கிறான். குடிச்சியாடா என்று கேட்டேன். உன் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். மறுநாளிலிருந்துதான் பால் டின்.

இதைக் கேட்ட பிறகு நான் டின்னை எல்லாம் நசுக்கிப் போட்டேன், வருகிறவன் வரட்டும், ஒரு சொட்டுப் பால் உன் வாயில் போனால் உன்னை நானே கொன்றுவிடுவேன் என்று சொல்லிவைத்தேன். அவனும் கேட்டான். ஞாயிறு தோறும் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் ஹாலில் தராசில் ஏறி நிற்பான், நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்ப்பேன், உனக்கு எழுதுவதற்காக. ரெண்டு வாரம் முன்னால் ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் ஏறினான், முள் கொஞ்சம் ஆடி, அந்த நூற்றுப் பதினாலைத் தாண்டிக் கீழே வந்தது, என் கண்ணால் பார்த்தேன். எவ்வளவு என்று படிப்பதற்குள் கேட்டை உதைத்துத் திறந்துகொண்டு மூன்று பேர் வந்துவிட்டார்கள். முன்னால் கணேஸ்வரன், நல்ல கையில் இரும்புக் குழாய். உன் அப்பா எங்கே போனார் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வெளியில வாடா பலூனு, காத்து எறங்கிடுச்சாடா என்று கத்தினான். காந்தன் தராசிலிருந்து இறங்கி, என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, வாசலுக்குப் போய் நின்றான். முதல் அடி தோளில் விழுந்தது, எலும்புச் சத்தம் எனக்குக் கேட்டது. உன் தம்பி பாய்ந்து அவன் கோணல் கையைப் பிடித்துவிட்டான். ஒரு முறுக்கு முறுக்கியிருந்தால் முடிந்திருக்கும். பிடித்தவன், சுடுசட்டியைத் தொட்டவன் மாதிரி விட்டுவிட்டான், பைத்தியக்காரன். அந்த நேரத்தில்தான் குழாய் நேராக வயிற்றில் இறங்கியது. தைத்த வயிறு ராகினி. மடங்கி விழுந்து ரத்தமாகக் கக்கினான், மற்ற ரெண்டு பேரும் அவனைக் காலால் உதைத்தார்கள். என் காலடியில் அந்தத் தராசுதான் கிடந்தது. ரெண்டு கையாலும் தூக்கினேன், கணேஸ்வரன் திரும்பினான், நெற்றியில் இறக்கினேன். கண்ணாடி நொறுங்கியது, அவன் படியில் உட்கார்ந்துவிட்டான், முகமெல்லாம் ரத்தம். மற்றவர்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார்கள். நான் இன்னொரு தடவை ஓங்கினேன், பொய் சொல்ல மாட்டேன், கொல்லத்தான் ஓங்கினேன். கீழே கிடந்த உன் தம்பி என் சேலையைப் பிடித்து இழுத்து, போதும்மா, கை அவனுது, நான் ஒடிச்சது என்றான்.

பிறகு பெத்தம்மாள் வீட்டு வேனில் போட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், உள்ளே லேசாகக் கிழிந்து ரத்தம் வந்ததே தவிர சிங்கப்பூரில் போட்ட தையல் பிரியவில்லையாம், அந்த டாக்டர் கையில் சர்க்கரைதான் போட வேண்டும். தோள் எலும்பில் கீறல். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான், மறுபடி முதலிலிருந்து கஞ்சித்தண்ணீர். கணேஸ்வரனுக்கு நெற்றியில் தையல். போலீசில் அவனும் எழுதிக் கொடுத்திருக்கிறான், நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சார்ஜன்டாக இருக்கிற சின்னப் பையன் தராசைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆன்ட்டி, இதுவா ஆயுதம் என்று மலாயில் கேட்டுச் சிரித்தான். சிரிக்காதே, இன்னும் கொஞ்சம் கனமாக இருந்திருந்தால் நீ சிரித்திருக்க மாட்டாய் என்றேன். காந்தன் கேசை வாபஸ் வாங்கிவிடலாம் என்கிறான். ஏன்டா கையை விட்டாய் என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டேன். பிடிச்ச ஒடனே அந்தக் கோணல் எலும்பு கையில தட்டுப்பட்டிச்சும்மா, ரெண்டாவது வாட்டி என்னால முடியல என்றான். எனக்கு அவனை இன்னொரு அறை அறையலாம் என்றும் வந்தது, கட்டிக்கொண்டு அழலாம் என்றும் வந்தது, அவன் கையில் டியூப் சொருகியிருந்ததால் ரெண்டையும் செய்யவில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். முந்தாநாள் கஞ்சி கொடுக்கும்போது காந்தன் என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்காவுக்கு எழுதும்மா, தச்சதப் பிரிச்சு வயித்தப் பழையபடி பண்ண முடியுமான்னு கேளு, பெரிய ஒடம்பா இருந்தா யாரும் என்கிட்ட வர மாட்டாங்க, நானும் யாரையும் தொட வேண்டாம் லா என்றான். கேட்டு எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன், கேட்டுவிட்டேன், வாக்கு முடிந்தது. இனி நான் சொல்வதைக் கேள். அவன் பெரிய உடம்போடு இருந்த காலத்தில் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும், பிள்ளை செத்துவிட்டானா என்று நான் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். இப்படியே போனால் நாற்பதைப் பார்க்க மாட்டான் என்று டாக்டர் சொன்னபோது நீயும் போனில் இருந்தாய். கணேஸ்வரன் வந்தால் அவன் தலையில் போட என் கையில் ஏதாவது கிடைக்கும், அந்தக் கொழுப்பு என் பிள்ளையின் நெஞ்சை நெரித்தால் நான் எதை எடுத்து எதை அடிப்பது? அதனால் நீ காந்தன் பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, என் பெயருக்கு வேண்டாம், அவனே பிரித்துப் படிக்கட்டும். தையலைப் பிரிக்கவே முடியாது, பிரித்தால் உயிர் போய்விடும் என்று எழுது. அங்கே உன் பெரிய டாக்டர்கள் பிரிக்கலாம் என்று சொன்னாலும் நீ முடியாது என்றே எழுது. நான் சொன்னால் அம்மா பேச்சு என்று தள்ளிவிடுவான், நீ சொன்னால் நம்புவான். பொய் சொல்லக் கூடாது என்று உங்களை அடித்து வளர்த்தவளே சொல்கிறேன், இந்த ஒரு பொய்யை எனக்காகச் சொல்லு கண்ணு.

மாப்பிள்ளையையும் பேரப்பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லு, நீ ராத்திரி வேலை பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு படுக்காதே. முனீஸ்வரர் உங்கள் எல்லோருக்கும் காவலாக நிற்கட்டும், நீ நன்றாக இருந்தால்தான் நாங்கள் நிமிர்ந்து நிற்போம். மறக்காமல் புதுத் தராசு ஒன்று வாங்கி அனுப்பு. முன்னால் அனுப்பியது மாதிரி லேசாக வேண்டாம், இரும்பில் செய்ததாகப் பார், கனமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ராமாத்தாள்