ரவுட்டரில் ஒரு பிழையும் இல்லை

செவன் ஹில்ஸ், சிட்னி
மார்ச் மாதம், புதன்கிழமை

அன்புள்ள மகன் பிரஷாந்தனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே இருக்கிறோம். நீயும் தர்ஷனாவும் அந்தக் கல்கரிக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்கிறேன். சுகமாக இருக்கிறோம் என்று எழுத வந்த கை "இருக்கிறோம்" என்று மட்டும் எழுதிவிட்டது, நானும் திருத்தவில்லை. போனில் தட்டிவிட்டால் போகிற செய்திக்கு இதென்ன அம்மா முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறா என்று நினைப்பாய். வேண்டுமென்றுதான் போடுகிறேன். போனில் எழுதினால் உடனே எனக்கு ஒரு பதில் தட்டிவிடுவாய், அந்தப் பதில்கள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இங்கே வெயில் இன்னும் குறையவில்லை. முரளிதரன் மாமாவின் மகள் லக்சிகாவுக்குப் போன கிழமை கெல்லிவில்லில் கல்யாண எழுத்துப் பதிவு நடந்தது, அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு நான் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தேன். சாப்பாட்டு மேசையில் இருந்த அத்தனை பேரும் தம்பி எப்ப வாறார், தம்பி எப்ப வாறார் என்று துளைத்து எடுத்துவிட்டார்கள். வேலை கூட, லீவு இல்லை என்று சொன்னேன். உனக்காகப் பொய் சொல்லிச் சொல்லி இப்போது எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அப்பா வோக்கரைப் பிடித்துக்கொண்டு ஹோலில் இருந்து பின்கதவு வரைக்கும் தானாக நடக்கிறார். வலது கை இன்னும் எழும்பவில்லை, இடது கையால் தானே சாப்பிடுகிறார். போன வருடம் பாரிசவாதம் வந்து விழுந்தபோது நீ பறந்து வந்து ஆஸ்பத்திரியில் அவர் கால்மாட்டில் இருந்ததை நான் மறக்கவில்லை. ஆனால் அப்போது அவருக்குப் பேச்சே இல்லை. இப்போது வருகிறது. மெல்ல மெல்ல, ஒவ்வொரு சொல்லையும் பிடித்து இழுத்துத்தான் வருகிறது, ஆனால் வருகிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற வெள்ளைக்காரப் பிள்ளை என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறாள், அவர் தேடுகிற சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், முகத்தைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருங்கள் என்று.

அந்தப் பொறுமைதான் உன்னிடம் இல்லை. இது மார்கழியில் தொடங்கியது. இங்கே ஞாயிறு காலை, அங்கே உனக்குச் சனி பின்னேரம், கொம்பியூட்டரைத் திறந்து வைத்துக் கதைப்போம். நான் கதைக்கும்வரை எல்லாம் வடிவாகப் போகும், என்ன சமையல், கார் குளிருக்கு ஸ்டார்ட் ஆகிறதா, தர்ஷனாவின் இருமல் எப்படி என்று. அப்பாவை நடத்திக்கொண்டு வந்து கதிரையில் இருத்தி, அவர் வாயைத் திறந்து முதல் எழுத்துக்கு உன்னும்போது உன் படம் அப்படியே நின்றுவிடும். நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்போம், கோல் கட்டாகிவிடும், பிறகு உன் மெசேஜ் வரும், அம்மா படம் நிண்டு போச்சு, அங்கத்தைய இன்ரநெற் சரியான ஸ்லோ, ரவுட்டரை ஒருக்காப் பாருங்கோ என்று. ஒருமுறை இருமுறை இல்லை, நெடுகவும். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அதையே படித்து அதையே வேலையாகச் செய்கிற பிள்ளை சொன்னால் எந்தத் தாய்க்குச் சந்தேகம் வரும்?

கிழமைக்கு ஒரு வேலை தந்தாய், ஒன்றையும் நான் தட்டவில்லை. ரவுட்டருக்கு மேல் தூசி படாமல் நான் பூத்தைத்துப் போட்டிருந்த துணியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாய், அதால்தான் சூடேறுகிறது என்றாய், எடுத்தேன். ரீவிக்குப் பின்னால் இருந்தால் சிக்னல் அடைபடும் என்றாய், சாமித் தட்டில் லட்சுமிக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்தேன். வைஃபை இரண்டு பெயரில் காட்டும், ஐந்து என்று முடிகிறதுதான் வேகம் என்றாய், அதைப் பிடித்தேன். அயல் வீடுகளின் வைஃபையும் எங்களுடையதும் ஒரே சனலில் முட்டுப்படுகுது, ரவுட்டருக்குள்ளே போய்ச் சனலை மாத்துங்கோ என்றாய். உள்ளே போவது என்றால் அதைக் கழற்றுவதாக்கும் என்று நான் ஸ்குரூட்ரைவர் தேடித் திரிந்த கதை உனக்குத் தெரியாது. பிறகு அதன் அடியில் ஒட்டியிருந்த இலக்கத்தைப் பூதக்கண்ணாடி பிடித்து வாசித்து, கொம்பியூட்டரில் அடித்து, பாஸ்வேர்ட் போட்டு, தட்டுத்தடுமாறி மாற்றி முடித்தபோது சோறு அடிப்பிடித்துவிட்டது. கொம்பியூட்டர் எங்களுக்குத் தெரியாமல் அப்டேட் இறக்குகிறது, பழைய படங்களை மேலே ஏற்றுகிறது, எல்லாவற்றையும் நிற்பாட்டுங்கோ என்றாய், நிற்பாட்டினேன். கடைசியில் வைஃபையே வேண்டாம், வயரை நேராகக் குத்துங்கோ என்றாய். ஹோல் நீளத்துக்கும் வயரை இழுத்து, அப்பாவின் வோக்கர்ச் சில்லு தடக்காமல் நிலத்தோடு டேப் ஒட்டினேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு தவழ்ந்து தவழ்ந்து. வேகம் பார்க்கிற பக்கத்தைத் திறந்து அப்பாவுக்குக் காட்டினேன், முள் ஒரே ஓட்டமாக மறுகரைக்குப் போய் நின்றது. அவர் ஒரு பக்க வாயால் சிரித்தார். விழுந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவர் ஏன் அப்படிச் சந்தோசப்பட்டார் தெரியுமா? உன் பெயரைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். அந்தப் பயிற்சிப் பிள்ளை, வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிப் பழகட்டும், அது லேசு என்றாள். தம்பி என்று அவருக்கு எப்போதோ வந்துவிட்டது. அது போதாது என்று அவர் தலையை ஆட்டிவிட்டார், நான் வைச்ச பேர் என்று என்னைப் பார்த்துச் சொன்னார், அந்த மூன்று சொல்லுக்கே வியர்த்துவிட்டது. உன் பெயரின் தொடக்கம்தான் அவருக்குப் பெரிய கண்டம், நாக்கு மடங்குதில்லை. குளியலறையில் பிர பிர என்று கேட்கும், கட்டிலில் கிடந்தபடி பிர பிர என்று கேட்கும். குசினியில் நின்று கேட்டுக்கொண்டு நான் சட்டியைக் கழுவுவேன், எடுத்துக் கொடுக்கக் கூடாதே. போன ஞாயிறு சவரம் எடுக்கச் சொல்லி, நீல ஷேர்ட்டைக் காட்டிப் போட்டுவிடச் சொல்லி, நேரத்தோடு வந்து கதிரையில் இருந்துவிட்டார்.

நீ வந்தாய். படம் கண்ணாடி மாதிரித் துலக்கமாக இருந்தது, உன் தாடியில் நரை தெரிந்தது. அப்பா முன்னால் சரிந்து பிர என்று தொடங்கினார். நீ நின்றுவிட்டாய். வாய் பாதி திறந்தபடி, கண் ஒரே இடத்தில். இவ்வளவு பாடுபட்டும் இந்த வயர் ஏமாற்றிவிட்டதே என்று நினைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், உனக்குப் பின்னால் ஜன்னலில் பனி விழுந்துகொண்டே இருந்தது. தும்பு தும்பாக, ஒரு தடங்கலும் இல்லாமல். தர்ஷனாவின் குக்கர் விசில் அடித்தது, சத்தமும் தெளிவாகக் கேட்டது, உன் கண் குசினிப் பக்கம் ஒருக்கால் போய்விட்டுத் திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றது. அப்பா பிரசா வரைக்கும் வந்துவிட்டார். நீ கட் பண்ணினாய். பிறகு மெசேஜ், அம்மா திரும்பவும் நிண்டிட்டுது, டிஎன்எஸ் எண்டு ஒரு செற்றிங் இருக்கு, அதை மாத்திப் பாப்பம் என்று.

வெட்கமாயில்லையா உனக்கு? நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்த காலத்தில் வாசலிலேயே நின்று கையை ஆட்டிவிட்டுப் போகிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். இதுகளும் பிள்ளைகளா என்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொதிப்பேன். அவர்களாவது வாசல் வரைக்கும் வந்தார்கள். உனக்கு அப்பாவை அந்தக் கோலத்தில் பார்க்கப் பயம் என்று எனக்குத் தெரியும். அவர் வாய் கோணும்போது எனக்கும்தான் ஈரல் நடுங்குகிறது, இத்தனை வருடம் மேடையேறிப் பேசின மனுசன். பயப்பட்டதற்கு உன்னை நான் கோபிக்கமாட்டேன். அம்மா எனக்குப் பார்க்க ஏலாமல் கிடக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னோடு சேர்ந்து நானும் அழுதிருப்பேன். அதை விட்டுவிட்டு என்னை நிலத்தில் தவழவிட்டாயே, பூதக்கண்ணாடி பிடிக்கவிட்டாயே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அந்த மனுசனை ஒவ்வொரு கிழமையும் உடுத்திக் கொண்டுவந்து ஒரு நடிப்புக்கு முன்னால் இருத்தினேனே, அது என் நெஞ்சைப் போட்டு அறுக்கிறது.

அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ரவுட்டரில்தான் பிழை என்று அவர் நம்பட்டும் என்று, அவருக்கு முன்னால் தினமும் அதை அணைத்து அணைத்துப் போட்டேன், ஆருக்கோ போன் எடுக்கிறது மாதிரியும் நடித்தேன். மகன் நடித்தால் தாய்க்கும் வரும்தானே. நேற்றும் கதிரையில் ஏறி அதன் வயரைப் பிடுங்கக் கை நீட்டினேன். வோக்கரைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்து நின்ற அப்பா இடது கையால் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். இறங்கி அவர் முகத்தைப் பார்த்தேன், எடுத்துக் கொடுக்காமல் பொறுத்து நின்றேன். விடு என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, லைன் நல்லம் என்றார். பிறகு திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டார். இன்றைக்கு முழுநாளும் அந்த அறையில் இருந்து பிர பிர என்ற சத்தம் கேட்கவில்லை.

உனக்கும் தர்ஷனாவுக்கும் எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு, அதற்குக் குறை வைக்கமாட்டேன். காது மூடித் தொப்பி போடாமல் வெளியே போகாதே, தர்ஷனாவின் இருமலுக்கு டொக்டரைப் பார். இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைத்த பிறகு வருகிற ஞாயிறும் வழமையான நேரத்துக்குக் கொம்பியூட்டரைத் திறந்து வைப்பேன். அவர் வந்து இருப்பாரோ தெரியாது, இனி அவரைக் கூப்பிட வேண்டியது நீ. வந்தால், அவர் சொல்லி முடிக்கும்வரைக்கும் இரு. அழுகை வந்தால் அழு, அவர் தாங்குவார். கல்லாக மட்டும் இருக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
தாட்சாயினி விக்னராஜா